மணலில் எழுதும் விரல்



கண்ணும் காதும் நன்றாயிருந்தும் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லையே என்று இரும்புலியூர், தாம்பரம் பகுதிப் பெற்றோர் எங்களிடம் வருந்துவதுண்டு. இது சோம்பலாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சில பிள்ளைகளுக்குச் சிரமம் உண்டு; அதை டிஸ்லெக்சியா என்கிறார்கள்.

'கெ' என்னும் எழுத்தைப் பாருங்கள். 'எ' ஒலி பின்னே வருகிறது. கொம்போ முன்னே நிற்கிறது! இங்கே தடுமாறும் பிள்ளைக்குப் பல புலன்களும் ஒன்றாய் உதவவேண்டும். கண் எழுத்தைக் காணட்டும், வாய் ஒலிக்கட்டும், காது கேட்கட்டும், விரல் மணலில் வரையட்டும். முதலில் 'க்', அடுத்து 'எ', பிறகு 'கெ'. ஒன்று பதிந்த பின்பே மற்றொன்று.

1930களில் அமெரிக்காவில் மருத்துவர் ஆர்ட்டனும் ஆசிரியை கில்லிங்காமும் இம்முறையை வகுத்தனர். மணலில் எழுதுவதோ நம் திண்ணைப் பள்ளி வழக்கம். 1789இல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் இதைக் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். இன்று மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியருக்குப் பயிற்சியளிக்கிறது.

ஞாயிறு பள்ளியில் வசனம் வாசிக்கத் தயங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருப்போம். ஒரு தட்டில் மணல் பரப்பி, அருகில் அமர்வோம்.