பெற்றோர் மனமும் பிள்ளைகளின் உடல்நலமும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது முன்னோர் வாக்கு. பெற்ற பிள்ளைக்கு நோய் வரட்டும் என்று எந்தத் தாயும் தந்தையும் நினைப்பதில்லை. அவ்வாறிருந்தும், பிள்ளையின் உடல்நலம் பற்றிய முடிவுகளில் அன்பு மிகுந்த பெற்றோரே சில வேளைகளில் தவறிவிடுகின்றனர். அறியாமை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. நன்கு கற்றவர்களிடத்தும் இத்தவறு காணப்படுகின்றது. பயம் சூழும் வேளையில் மனித மனம் எவ்வாறு கணக்குப் போடுகின்றது என்பதை ஆராய்ந்த உளவியலாளர்கள் இதற்கு விளக்கம் தருகின்றனர். பெற்றோரின் பயத்தைத் தணிக்கும் முடிவு ஒன்று; பிள்ளையின் நோயைத் தடுக்கும் முடிவு மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதனை மூன்று எடுத்துக்காட்டுகள் மூலம் நோக்கலாம்.

செய்யாது விடுவதும் ஒரு முடிவே

இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினுக்குப் பிரான்சிஸ் என்றொரு மகன் இருந்தான். பெரியம்மைத் தடுப்பூசியை எட்வர்ட் ஜென்னர் செய்துகாட்டியது 1796ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னர், நோயாளியின் அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைச் சுகதேகியின் தோலைக் கீறி ஏற்றும் முறையே வழக்கில் இருந்தது. அம்முறையினால் சிலர் இறந்ததும் உண்டு. ஆயினும் இயல்பாக நோய் கண்டு இறப்போருடன் ஒப்பிடும்போது அத்தொகை மிகக் குறைவாகும். பிராங்கிளின் அம்முறையை ஆதரித்தவர். எனினும் மகன் வயிற்றோட்டத்தால் நலிந்திருந்தபடியால், தேறட்டும் என்று நாளைக் கடத்தினார். 1736 நவம்பரில் நான்கு வயதேயான அப்பாலகன் பெரியம்மை கண்டு இறந்தான். அம்மை குத்தியதால்தான் இறந்தான் என்று வதந்தி பரவியபோது, அது உண்மையல்ல எனத் தமது பத்திரிகையிலேயே அவர் அறிவிக்க நேர்ந்தது. பின்னாளில் எழுதிய சுயசரிதையில், தாம் அதைச் செய்யாது விட்டதற்காக நெடுங்காலம் வருந்தியதாக அவர் குறிப்பிடுகின்றார். செய்து பிள்ளை இறந்தால் தம்மையே மன்னிக்க முடியாது என்று அஞ்சும் பெற்றோர், செய்யாது விட்டாலும் அதே வருத்தம் நேரலாம் என்பதை உணர்ந்து, ஆபத்துக் குறைந்த வழியைத் தெரிய வேண்டும் என்பதே அவர் கூறும் பாடமாகும்.

இவ்வுண்மையை இலனா றிற்றோவ், ஜோனதன் பரோன் ஆகிய உளவியலாளர்கள் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு கற்பனை நோயால் 10,000 பிள்ளைகளில் 10 பேர் இறப்பர். தடுப்பூசி அந்நோயைத் தடுக்கும். ஆனால் அதனாலேயே சிலர் இறக்கவும் கூடும். எத்தனை பேர் வரையெனில் பிள்ளைக்கு ஊசி போடச் சம்மதிப்பீர்கள் என்று வினவப்பட்டது. பத்துக்குக் குறைந்த எத்தொகையாயினும் ஊசியே இலாபம் என்பது வெறும் கணக்கு. ஆயினும் பலர் அதிலும் மிகக் குறைந்த தொகையையே ஏற்றனர். எவ்வித ஆபத்தையும் ஏற்க மறுத்தவர்களும் இருந்தனர். தன் கையால் நேரும் தீங்கு மனத்துக்குப் பெரிதாகவும், கையைக் கட்டிக்கொண்டிருப்பதால் நேரும் தீங்கு சிறிதாகவும் தோன்றுகின்றது. உண்மையான தடுப்பூசிகளால் நேரும் பாரதூரமான தீங்கோ அக்கற்பனைக் கணக்கிலும் பன்மடங்கு குறைந்தது.

இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978ஆம் ஆண்டில் ஆரம்பமானது. இந்நாட்டில் இறுதியாக இளம்பிள்ளைவாத நோயாளி ஒருவர் இனங்காணப்பட்டது 1993ஆம் ஆண்டிலாகும். 2019ஆம் ஆண்டில் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக இலங்கை ஏற்கப்பட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டில் சின்னமுத்து மீண்டும் பரவியது. நோய் கண்ணுக்குத் தெரியாதபோது அதன் மீதுள்ள பயம் மறைந்துவிடுகின்றது; ஊசி போட்ட இரவு பிள்ளை காய்ச்சலில் அழுத காட்சி மட்டும் மனத்தில் நிற்கின்றது. எளிதாக நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாக மனம் எண்ணிக்கொள்ளும் என்பதை ஆமொஸ் ட்வேர்ஸ்கி, டானியல் கானமன் ஆகியோர் 1973ஆம் ஆண்டிலேயே விளக்கினர். அயல்வீட்டில் கேட்ட ஒரு கதை, கிளினிக்கில் மருத்துவமாது கூறும் நூறு விளக்கங்களை வென்றுவிடுவது இதனாலேயே. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடவேண்டிய சின்னமுத்துத் தடுப்பூசியை, "தடிமன் இருக்கு, அடுத்த மாதம் பார்ப்பம்" என்று தள்ளிப் போடும் பெற்றோர் தாம் எதுவும் செய்யவில்லை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் ஒரு முடிவை எடுத்துவிட்டனர். சாதாரண தடிமனுக்காக ஊசியைப் பின்போட வேண்டியதில்லை. ஐயமிருப்பின் அன்றே கிளினிக்கிற் கேட்டுத் தெளிதல் நன்று.

காய்ச்சல் தணிய, கவனமும் தணிதல்

வடகீழ்ப் பருவமழையோடு வடக்கிலும் கிழக்கிலும் டெங்குக் காய்ச்சல் தலைதூக்குவது வழமை. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் 186,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். பிள்ளையின் உடம்பு கொதிக்கும்போது பெற்றோர் இரவிரவாக விழித்திருக்கின்றனர். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக உறங்கச் செல்கின்றனர். டெங்கு நோயின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பிக்கின்றது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் வேளையில், குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கலாம். பெற்றோரின் மனம் ஆறும் நேரமும் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து நெருங்கும் நேரமும் ஒன்றாகிவிடுவதே இந்நோயின் கொடுமையாகும்.

கடும் வயிற்றுவலி, தொடர்ந்து சத்தியெடுத்தல், முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், கறுப்பாக மலம் போதல், கைகால் குளிர்தல், சோர்ந்து தூங்கி வழிதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்படினும் நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் உரிய அளவிற் கொடுக்கலாம். விரைவாகக் காய்ச்சலை இறக்கவேண்டும் என்ற தவிப்பில் அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவற்றைக் கொடுப்பது இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும். அவை காய்ச்சலை இறக்கிப் பெற்றோரை ஆறுதற்படுத்தும், பிள்ளையைக் காப்பாற்றா. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலாவது வைத்தியரின் ஆலோசனையுடன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் அவசியமாகும்.

சோறு தீத்தும் கை

ஆலயத்தில் முதற்சோறு தீத்திய நாளில் தொடங்குகின்றது தாயின் கவலை. பிள்ளை கோப்பையில் மிச்சம் விட்டால் தாயின் மனம் பதைக்கின்றது. அப்பம்மாவும் அம்மம்மாவும் "பிள்ளை காய்ஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டால் பதைப்பு இரட்டிப்பாகும். வாயைத் திறக்கச் சொல்லி அதட்டுதல், கைத்தொலைபேசியைக் காட்டித் தீத்துதல், கீரை தின்றால் இனிப்புத் தருவேன் என்று ஆசைகாட்டுதல் ஆகியன இதனால் எழுபவையே.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்குமாறு முன்பள்ளிப் பிள்ளைகள் வற்புறுத்தப்பட்டனர். வற்புறுத்தப்பட்ட வேளையில் அவர்கள் குறைவாகவே உண்டதோடு, அவ்வுணவைப் பற்றி வெறுப்பாகவும் பேசினர். புதிய உணவொன்றைப் பிள்ளை ஏற்பதற்குப் பத்துத் தடவைக்கு மேலும் அதனைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டாம் நாளே, "இவனுக்கு முருங்கையிலை வறை பிடிக்காது" என்று தீர்ப்புக் கூறுவது அவசரமாகும். எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க, எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையிடம் விடுதல் வேண்டும் என்பது போசணை நிபுணர் எலின் சற்றர் வகுத்த எளிய முறையாகும். வளர்ச்சி பற்றிய ஐயத்தைத் தீர்ப்பது அயலார் கண்களல்ல. கிளினிக்கில் நிறை பார்த்துப் பதிவேட்டில் வரையப்படும் கோடே ஆகும்.

நேர்த்தியும் மருந்தும்

பிள்ளைக்கு வருத்தம் என்றதும் நேர்த்தி வைப்பதும், நூல் கட்டுவதும், பார்வை பார்ப்பதும் கிராமங்களில் நெடுங்கால வழக்கமாகும். கலங்கிய தாயின் மனத்தை அவை நிலைநிறுத்துகின்றன. அமைதியடைந்த தாயால் பிள்ளையை நன்கு பராமரிக்க முடியும். ஆனால் நூல் கட்டிய ஆறுதலில் வைத்தியசாலைக்குப் போவது ஒரு நாள் பிந்துமாயின், அவ்வாறுதல் பெற்றோருக்குக் கிடைத்ததேயன்றிப் பிள்ளைக்குக் கிடைத்ததன்று. நேர்த்தியை வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

முடிவெடுக்கும் வேளையில்

பெற்றோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. இதைச் செய்தால் என்ன நேரும் என்பது முதலாவது. செய்யாது விட்டால் என்ன நேரும் என்பது இரண்டாவது. பலரும் மறந்துவிடும் கேள்வி இதுவே. இம்முடிவால் ஆறுதல் அடையப்போவது பெற்றோரா, பிள்ளையா என்பது மூன்றாவது.

குடும்பத்தவர்க்கும் இதிற் பொறுப்புண்டு. ஊசி போட்டபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "நீ கொண்டுபோனபடியால் தானே" என்று தாயைக் குற்றஞ்சாட்டும் வீட்டில், அடுத்த ஊசிக்கு அத்தாய் தயங்கவே செய்வாள். பழி விழும் என்ற பயமே பல தாய்மாரைக் கையைக் கட்டியிருக்கச் செய்கின்றது. தந்தையும் பேரன் பேர்த்தியும் கூடிக் கதைத்து முடிவெடுத்து, விளைவு எதுவாயினும் சேர்ந்து தாங்குவார்களாயின், அத்தாயின் பயம் பாதியாகும். பயம் குறைந்த வீட்டிலேதான் பிள்ளைக்கு வேண்டியது உரிய காலத்தில் நடக்கும்.