நரம்புச் சிலந்தியும் அயல்நாட்டு இளந்தொண்டரும்

பிறநாட்டுச் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றச் செல்லும் இளைஞரைப் பற்றிப் பேசுங்கால், அவர் ஆங்கு யாது கொண்டு சென்றனர் என்றே பலரும் வினவுவர். மருந்தும் பொறியும் பொருளும் கொண்டு செல்லாவிடத்தும் அவரால் ஆகுங் காரியம் ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்த வரலாறு அதனைக் காட்டும்.

இந்நோய் நம்மவர் அறியாததன்று. படிக்கிணறுகளிலும் குளங்களிலும் இறங்கி நீர் முகந்த நம் நாட்டு ஊர்கள் பலவும் இதனால் நெடுங்காலம் வருந்தின. இராஜஸ்தானத்தில் 1996ஆம் ஆண்டில் இறுதி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

தேங்கிய நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய பூச்சிகளுக்குள் இப்புழுவின் குஞ்சுகள் தங்கும். அந்நீரைப் பருகினால் பூச்சி வயிற்றில் மடிய, புழு மட்டும் பிழைத்து, ஏறக்குறைய ஓராண்டு உடலுள் ஒளிந்து வளர்ந்து இரண்டு முழம் வரை நீளும். பின்னர்ப் பெரும்பாலும் காலிற் கொப்புளம் எழுப்பித் தலைநீட்டும். நெருப்பிட்டாற்போல் எரியும் அக்காலை நோயாளி குளத்தில் தோய்ப்பான். தோய்த்தவுடன் புழு இலட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் உமிழும். அடுத்த ஆண்டின் நோய்க்கு அன்றே வித்திடப்பட்டதாம். புழுவைக் குச்சியிற் சுற்றி நாடோறும் சிறிது சிறிதாக இழுப்பதே பண்டுதொட்டு வரும் சிகிச்சை. பயிர்த்தொழிற் பருவத்தில் உழவர் வாரக்கணக்கிற் படுத்த படுக்கையாவர். தடுப்பூசி இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. நீரைத் துணியில் வடித்துக் குடித்தலும், புழு வெளிப்பட்ட காலைக் குளத்தில் இடாமையுமே முதன்மையான காப்பு.

இத்துணை எளிதாயின் ஊரார் ஏன் செய்திலர்? சென்ற ஆண்டு குடித்த நீரே இன்றைய கொப்புளத்திற்குக் காரணம் என்பதை யார்தான் எளிதில் நம்புவர்! அன்றியும் சில ஊர்களிற் குளம் புனிதமானது. பூச்சிகளைக் கொல்ல அதில் மருந்து தெளிக்க முற்பட்டபோது மறுப்பு எழுந்தது. அதனை அறியாமை என்று இகழ்வோர், நம்மூர்க் கோயிற் குளத்தில் வேற்று நாட்டார் மருந்து கொட்ட வந்தால் நாம் யாது சொல்வோம் என்று எண்ணிப் பார்ப்பாராக.

ஒருநாள் வந்து சொற்பொழிவாற்றிச் செல்லும் நிபுணரால் இம்மறுப்பு நீங்காது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961இல் நிறுவிய பீஸ் கோர் என்னும் தொண்டரணியினர், சுமார் மூன்று திங்கள் பயிற்சி பெற்று, ஈராண்டு ஊரிலேயே குடியிருப்பர். அவ்வாண்டே கானா சேர்ந்த முதற் குழுவினர் ஆசிரியர்கள். பின்னாளிற் கானா, டோகோ முதலிய நாடுகளில் இவ்வணியினர் நரம்புச் சிலந்தி ஒழிப்பிலும் ஈடுபட்டனர். ஊர்மொழி பயின்று, ஊரார் குடித்த நீரையே தாமும் வடித்துக் குடித்து, வடிதுணி வழங்கி, கிழிந்த துணியை மாற்றித் தந்து, அதே வீட்டிற்கு மறுபடியும் மறுபடியும் சென்றனர். பெரிதும் மதிக்கத்தக்கது அந்த மறுபடியும் செல்லுதலே.

எனினும் புகழ் முழுவதையும் அவர்க்கே அளித்தல் நீதியன்று. வீடுதோறும் நோயாளியைத் தேடிக் கணக்கெடுத்து, புண்ணைக் கட்டி, ஆண்டுக்கணக்கிற் காவல் இருந்தோர் அவ்வூர்களிலேயே பிறந்த தொண்டர். கானாவில் 1989இல் ஏறத்தாழ 1,80,000 பேர் நோயுற்றிருந்தனர். 2010இல் இறுதி நோயாளி காணப்பட்டார். 2015இல் அந்நாடு சான்று பெற்றது. உலகெங்கும் 1986இல் சுமார் 35 இலட்சமாக மதிக்கப்பட்ட நோயாளர் தொகை 2022இல் 13 ஆயிற்று.

ஆயினும் பணி முற்றிலது. சாடு நாட்டில் 2012 முதல் நாய்களிடத்தும் இப்புழு காணப்படுகின்றது. ஆங்கு ஆற்றங்கரை ஊரார், மீன் குடலைப் புதைக்கவும் நாய்களைக் கட்டிவைக்கவும் தம் ஊர்த் தொண்டரிடமே கற்று வருகின்றனர்.