மீண்டு வந்த வீரர்

உலகின் மலைமுடிகளுள் தலைசிறந்தது 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டு. அதன்மீது தனியராய் ஏற உறுதி பூண்டார், ஸ்வீடன் நாட்டினராகிய யோரன் குரோப் என்பார். பிறர் உதவி ஏற்பதில்லை. கலங்களில் அடைத்த உயிர்வளியும் கொள்வதில்லை. வேண்டும் பொருள்களைத் தாமே சுமப்பது என்பன அவர் மேற்கொண்ட நோன்பு. 1995 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மிதிவண்டியேறிப் புறப்பட்டு, நாடு பல கடந்து நேபாளம் சேர்ந்தார்.

1996 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள். ஆழ்ந்த பனியில் அடிமேல் அடிவைத்து ஏறிய அவர்க்கு, முடி ஏறக்குறைய 100 மீட்டர் உயரமே எஞ்சியிருந்தது. பொழுதோ நண்பகலைக் கடந்துவிட்டது. ஏறுதற்கு வலிமை உண்டு. இருள் சூழ்ந்தபின் இறங்குதற்கு உண்டோ? கண்ணெதிரே நின்ற முடியை அவர் ஒருமுறை நோக்கினார், உயிரின் அருமையை உணர்ந்தார், திரும்பி இறங்கினார்.

ஒரு வாரம் சென்றது. மே 10 ஆம் நாள் அம்மலையில் கடும் புயல் எழுந்தது. குறித்த நேரம் கடந்தும் மேலேறிய சிலர் அதில் அகப்பட்டனர், எண்மர் மாண்டனர். அத்துயரைக் கண்டும் குரோப் உள்ளம் தளர்ந்திலர். தக்க பொழுது பார்த்து மீண்டும் ஏறி, மே 23 ஆம் நாள் முடியினை எய்தினார்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். அன்று மீண்டமையாலன்றோ அவர் பின்னர் வென்றார்!