கார் டயர் வெடிப்பதேன்?

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயர் செய்யவே செலவாகிறது. பால்மரம் வெட்டும் நம் தோட்ட மக்கள் இதனை அறிவர். ஆயினும், அந்த டயர் தம் காரின் அடியில் எவ்வாறு உழைக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு தைப்பூசத்தின்போது, பத்துமலைக்குச் செல்லும் வழியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தோட்டக் குடும்பம் நின்றிருக்கக் கண்டேன். ஐவர் அமரும் காரில் எழுவர். பின்புறத்தில் அரிசியும் பாத்திரங்களும். ஒரு டயர் நார் நாராகக் கிழிந்திருந்தது. “வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை ஐயா, ஆணியும் குத்தவில்லை” என்றார் காரை ஓட்டி வந்தவர். மற்ற மூன்று டயர்களும் சப்பையாகப் படிந்திருந்தன. குறைந்த காற்று, மிகுந்த சுமை, நீண்ட ஓட்டம் மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன.

பழைய மங்குக் கம்பியை ஒடிக்க அதனை இப்படியும் அப்படியும் வளைக்கிறோம் அல்லவா? ஒடியுமுன் அவ்விடத்தைத் தொட்டால் சுடும். டயரின் பக்கச் சுவரும் அத்தகையதே. ஒவ்வொரு சுற்றிலும் தரையை ஒட்டிய இடத்தில் அது வளைந்து நிமிர்கிறது. காற்றுக் குறைந்தால் வளைவு மிகும்; அதனால் சூடும் மிகும். ரப்பர் சூட்டை எளிதில் வெளிவிடாது. உள்ளே தேங்கும் சூடு, ரப்பருக்கும் அதனுள் பதிந்துள்ள நூல், எஃகுக் கம்பிகளுக்கும் இடையேயுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முறை சுழலும். தோட்டத்துச் செம்மண் சாலையில் பல மாதம் தாங்கிய டயர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் கிழிவது இதனால்தான். (வளையும்போது இயற்கை ரப்பர் குறைவாகவே சூடேறும். விமானம், லோரி ஆகியவற்றின் டயர்களில் அது மிகுதியாகச் சேர்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

எவ்வளவு காற்று வேண்டும்? ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அட்டையைப் பாருங்கள். பல சிறு கார்களுக்கு அது 30 பவுண்டை ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்கு வேறு அளவு தரப்பட்டிருக்கலாம். டயரின் மேல் பொறித்துள்ள எண் உச்ச வரம்பே. நிரப்ப வேண்டிய அளவு அன்று. டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்து காட்டும். அதைக் கண்டு அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுபவர் உளர். ஆறியபின் அந்த டயரில் காற்றுக் குறைந்துபோயிருக்கும்.

குழியின் விளிம்பில் வேகமாக மோதினால் உள்நூல் அறுந்து, பக்கச் சுவரில் கொப்புளம்போல் ஒரு வீக்கம் தோன்றும். அதனை ஒட்டிச் சீர்செய்ய இயலாது. டயரை மாற்றியே ஆக வேண்டும். ஆணித் துளையை அடைக்காமல் விட்டால் நீர் புகுந்து எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். பட்டறைக்காரர் ‘பூ’ என்று கூறும் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால், மழைநாளில் சாலையில் பிடிப்பு இராது. டீசல் கசிந்த தரையில் காரை நிறுத்தாதீர்கள். டீசல் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிவிடும்.

பயன்படுத்திய டயரை மலிவாக வாங்குவோர் அதன் வயதைப் பார்ப்பது மிக அரிது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

ஓட்டத்தின்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தணிந்தபின் இடப்புற அவசரத் தடத்திற்குச் சென்று, அனைவரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் செய்யுங்கள். அதன்பின் மாற்று டயரை எடுக்கலாம். புறப்படும் நாளன்று அதற்கும் காற்றுப் பார்த்திருந்தால்தான் அது அப்போது உதவும்.