தண்டு தந்த பெயர்

வேலி ஓரத்தில் வளரும் கீரையை உலகம் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும், ஒரு கீரையின் பெயரை ஆராயப் புகுந்தால், ஒரு நாட்டு ஏழை மக்களின் வாழ்வும் பல மொழிகளின் தொடர்பும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். ஸ்காட்லாந்து நாட்டு மக்களைப் பன்னெடுங்காலம் ஊட்டி வளர்த்த ‘கேல்’ என்னும் கீரை அத்தகையது.

மேற்கு ஐரோப்பாவின் கடற்கரைப் பாறைகளில் தானே முளைக்கும் காட்டுச்செடி ஒன்று உண்டு. முட்டைக்கோசும், காலிபிளவரும், நூல்கோலும், கேலும் அவ்வினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகளே. இலைகள் இறுகித் தலைபோல் உருண்டது முட்டைக்கோசு. பூங்கொத்துப் பருத்தது காலிபிளவர். தண்டு திரண்டது நூல்கோல். கேலின் இலைகளோ உருண்டு மூடாமல் விரிந்தே நிற்கும். ஆதலின், செடிநூலார் அதற்குத் ‘தலையில்லாதது’ எனப் பொருள்படும் ‘அசெபலா’ என்ற பெயரைச் சூட்டினர். இலையோரம் சுருண்டிருத்தலால் தமிழில் அதனைப் பரட்டைக்கீரை என்பாரும் உளர்.

இனி, ‘கேல்’ என்னும் பெயரின் பொருள் யாது? இலத்தீன் மொழியில் ‘கௌலிஸ்’ என்பது தண்டினைக் குறிக்கும் சொல். தண்டைக் குறித்த அச்சொல், நாளடைவில் தண்டுடைய கோசுச் செடியையே குறிக்கலாயிற்று. அதுவே ஸ்காட்லாந்தில் ‘கேல்’ எனவும், செருமானிய மொழியிலும் டச்சு மொழியிலும் ‘கோல்’ எனவும், போர்ச்சுக்கீசிய மொழியில் ‘கோவ்’ எனவும் திரிந்தது.

கடல் கடந்து வந்த ஐரோப்பியரோடு இச்சொல் நம் மொழியிலும் புகுந்தது. ஈழத் தமிழர் முட்டைக்கோசைக் ‘கோவா’ என்பர். அது போர்ச்சுக்கீசியர் தந்த சொல். நாம் உண்ணும் நூல்கோலின் பெயரோ டச்சு மொழியின் ‘க்னோல்கோல்’ என்பதன் திரிபு. ஆகவே, அதனைத் தமிழில் கம்பைக் குறிக்கும் ‘கோல்’ என்னும் சொல்லோடு இணைத்துப் பொருள் கூறுதல் பொருந்தாது. ஒலி ஒத்திருத்தல் ஒன்றையே கொண்டு சொற்களை உறவாக்கலாகாது. சொல் வந்த வழியையும் ஆராய்தல் வேண்டும்.

ஸ்காட்லாந்தின் குளிர்காலம் கடுமையானது. பிற பயிர்கள் பனியில் கருகிவிடும். கேலோ பனியைத் தாங்கி நிற்கும். அன்றியும், உறைந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது தன்னிடமுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுதலால், பனி பட்டபின் அதன் இலை இனிமை மிகும். 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு பரவும் வரையில், எளியோர் குடிசைதோறும் இருந்த காய்கறித் தோட்டத்தில் கேலே முதன்மை பெற்றது. அதனால் அத்தோட்டம் ‘கேல்யார்டு’ எனப்பட்டது. வடக்கே செட்லாந்துத் தீவுகளில், காற்றும் ஆடும் இளநாற்றுகளை அழிக்காதவாறு உழவர் சிறு கற்சுவர்களை வளைத்துக் கட்டினர். அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன.

கேலைத் தவசத்தோடு கூட்டிக் காய்ச்சிய கஞ்சியும் ‘கேல்’ எனப் பெயர் பெற்றது. பின்னர், நண்பகல் உணவே அப்பெயரால் வழங்கிற்று; உணவுக்கு அழைக்கும் மணியும் ‘கேல்மணி’ ஆயிற்று. நம் நாட்டில் ‘சோறு’ என்னும் சொல் உணவு முழுவதையும் குறித்தல்போல, அங்கே ஒரு கீரை உணவுக்கே பெயராயிற்று. வேறு உணவு அரிதாயிருந்த நிலையை இப்பெயர் நமக்கு உணர்த்துகின்றது.

உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச்சத்தும் மிக்க இக்கீரையைப் பிற்காலத்தில் செல்வ நாடுகளில் உள்ளோரும் விரும்பி உண்ணலாயினர். அவர்கள் அதன் சிறப்பை ஆராய்ச்சியால் அறிந்தனர். ஏழை உழவரோ பசியால் அறிந்தனர். எளிய பொருளின் பெயரையும் எளிதென்று தள்ளாது ஆராய்வோமாக. அதனுள் ஒரு மக்களின் வரலாறு உறைந்திருத்தல் கூடும்.

பயிற்சி

1. ‘கேல்’ என்னும் சொல் எதனைக் குறித்த சொல்லிலிருந்து தோன்றியது?
2. நூல்கோல் என்னும் பெயர் நமக்கு உணர்த்தும் எச்சரிக்கை யாது?
3. உங்கள் ஊரில் வழங்கும் கீரைகளின் பெயர்க் காரணங்களை முதியோரிடம் கேட்டு எழுதுக.