எழுதப் பழகும் முதலாண்டு: முள்ளிக்குளத்தை முன்வைத்து ஒரு பாடம்

கீழ்வகுப்புகளைக் கடந்து உயர்கல்வியின் முதலாண்டிற் புகும் மாணாக்கர் பலர் ஒரு குறையோடு வருகின்றனர். இலக்கண விதிகளை அவர் அறிவர். செய்யுளுக்குப் பொருள் கூறவும் வல்லர். எனினும், தாம் கண்ட ஒன்றைக் காணாத ஒருவருக்கு ஒரு பக்கத்தில் விளங்க எழுதுக என்றால் மயங்குகின்றனர். தேர்வுக்கென மனனஞ் செய்த முன்னுரையும் முடிவுரையும் முந்திக்கொண்டு வர, பொருள் பின்தங்கிவிடுகின்றது. இக்குறையைக் களையும் வழியை, மன்னார்க் கரையிலுள்ள ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மலரின் வாயிலாக ஆராய்வோம்.

இக்குறை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க நாட்டின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் புகுந்த மாணாக்கர் தம் தாய்மொழியிலே பிழையற எழுத இயலாதிருப்பதைக் கண்டு, அடம்ஸ் ஷேர்மன் ஹில் என்னும் பேராசிரியர் கட்டுரைப் பயிற்சியை வற்புறுத்தினார். 1885ஆம் ஆண்டில் அஃது அங்கு முதலாண்டுப் பாடமாயிற்று. அப்பல்கலைக்கழகத்தின் மற்றோர் ஆசிரியராகிய பாரெட் வென்டெல், மாணாக்கர் நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதும் முறையை நடத்தினார். நம் நாட்டிலோ, அதற்கு முன்னரே நல்லூர் ஆறுமுக நாவலர் இத்துறையில் உழைத்துள்ளார். 1850 முதல் அவர் வெளியிட்ட பாலபாடங்களும், 1852இல் அச்சேறிய பெரியபுராண வசனமும், தமிழ் உரைநடையைக் கற்றோரேயன்றிக் கற்கத் தொடங்குவோரும் பற்றிக்கொள்ளத்தக்க ஊன்றுகோலாக்கின. சொற்களைப் பிரித்தும் நிறுத்தற் குறிகளை இட்டும் எழுதியமை அலங்காரத்துக்காகவன்று. படிப்போன் இடறாது செல்லவேண்டும் என்னும் கருத்தினாலேயாம். படிப்போனை நினைந்து எழுதுதலே கட்டுரைக் கலையின் முதற்பாடம்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட ஊருக்கு வருவோம். முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டை அடுத்துக் கடலோரத்தே உள்ளது. இவ்வூரைப் பற்றி எழுதுக எனின், பெரும்பாலான மாணாக்கர் ஏட்டில் எழுதுவது இவ்வாறிருக்கும்:

“இயற்கை அன்னை எழில்நடம் புரியும் இன்பப் பூங்காவாகிய முள்ளிக்குளம், பார்ப்போர் கண்களுக்கு விருந்தளிக்கும் பைந்தமிழ்ப் பதியாகும். அங்கு வாழும் மக்கள் அன்பும் பண்பும் மிக்கவர்கள்.”

இவ்வாக்கியங்களிற் பிழை யாது? இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆயின், முள்ளிக்குளம் என்னும் பெயரை எடுத்துவிட்டு வல்வெட்டித்துறை என்றோ மட்டக்களப்பு என்றோ வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கின்றது. எவ்வூர்க்கும் பொருந்துவது எவ்வூரையும் காட்டாது. இதனை ஒரு சோதனையாகக் கொள்க: பெயரை மாற்றினும் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிடுக.

அதே ஊரைப் பின்வருமாறும் எழுதலாம்:

“முள்ளிக்குளத்தார் கடலிலே கரைவலை இழுத்தனர், குளத்து நீரைப் பாய்ச்சி நெல் விளைத்தனர், காட்டோரத்திலே மாடு மேய்த்தனர். ஆதலின் கடலும் குளமும் காடும் அவர்க்கு ஒருங்கே வேண்டும். அவற்றுள் ஒன்றை இழந்தாலும் பிழைப்பு நொடிந்துவிடும்.”

ஈண்டு அழகு என்ற சொல் இல்லை. அன்பு என்ற சொல்லும் இல்லை. எனினும் ஊர் கண்முன் நிற்கின்றது. கரைவலை, பாடு, வாடி, சம்மாட்டி என அத்தொழிலார் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து எழுதும் மாணாக்கன் அகராதியிற் கிடைக்காத செல்வத்தைப் பெறுகின்றான். தொழிற்சொற்களை நாணி விலக்கிச் செந்தமிழ் என்னும் பெயராற் பொதுச்சொற்களை இட்டு நிரப்புவோன் அச்செல்வத்தை இழக்கின்றான்.

இக்கரையைப் பற்றி எழுதியோர் பிறநாட்டாரிலும் உளர். லிவர்ப்பூல் நகரத்து விலங்கியற் பேராசிரியராகிய ஹேர்ட்மன் 1902இல் ஈழம் போந்து முத்துப் பார்களை ஆராய்ந்து, ஐந்து பாகங்கள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார். முள்ளிக்குளத்துக்கு அணித்தாகிய மறிச்சுக்கட்டியில் 1906இல் நிகழ்ந்த முத்துக்குளிப்பில் லெனாட் வூல்ஃப் என்னும் இளம் ஆங்கில அலுவலர் கடமையாற்றினார். பல்லாண்டு கழித்து, 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுப் பாகத்தில் அதனை விரித்துரைத்தார். பின்னர் அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த காலத்து, உத்தியோக முறைப்படி நாட்குறிப்பு எழுதிவந்தார். கண்டதையும் கேட்டதையும் தீர்த்த வழக்கையும் அன்றன்றே எழுதிய கையே, 1913இல் வெளிவந்த அவருடைய காட்டூர் நாவலையும் எழுதிற்று. நாட்பயிற்சியின் பயன் இதனால் விளங்கும். அதனோடு ஒரு வினாவும் எழுகின்றது: வந்து சென்றோர் இவ்வளவு எழுதியிருக்க, அங்கே பிறந்து வாழ்ந்தோரின் எழுத்து ஏன் இத்துணை அருகியுள்ளது?

இவ்வினா வெறும் இலக்கிய வினாவன்று. 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. போர் 2009இல் முடிந்த பின்னரும், ஊர் கடற்படையின் தளமாயிருந்தமையால் அவர்கள் தத்தம் மனைகளுக்கு மீளமுடியவில்லை. அயலிடங்களிற் கொட்டில் அமைத்து வாழ்ந்தனர். 2017 மார்ச்சு மாதத்தில் ஊர் வாயிலில் அமர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாக அறப்போராட்டம் நடத்தினர். ஏப்ரல் இறுதியில் காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இசைந்தது. இத்தகைய வாழ்விலே மனுவும் விண்ணப்பமும் வாக்குமூலமும் சோற்றுக்கு அடுத்த தேவைகளாகின்றன. எழுதத் தெரியாதார்க்கு வேறொருவர் எழுதுவர். அவ்வாறு எழுதுமிடத்துச் சொல் பிறழவும் பொருள் மெலியவும் கூடும்.

ஆகவே வினைச்சொல்லை ஆராய்வோம். ஒரே நிகழ்ச்சியை மூவகையாகக் கூறலாம். “மக்கள் இடம்பெயர்ந்தனர்” என்பது ஒன்று. இதிற் பெயர்ந்தோரே எழுவாய். தாமே விரும்பிப் போயினார் போலவும் பொருள்படும். “மக்கள் வெளியேற்றப்பட்டனர்” என்பது மற்றொன்று. செயப்பாட்டுவினையாகிய இதில் வன்மை தெரிகின்றது, செய்தவர் தெரியவில்லை. “படையினர் மக்களை வெளியேற்றினர்” என்பது மூன்றாவது. செய்தவரும் செயலும் செயலுக்கு ஆளானோரும் இதில் வெளிப்படுகின்றனர். பள்ளியிலே செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக எனப் பயிற்சி தருகின்றோம். எப்பொழுது மாற்றலாகாது எனக் கற்பிப்பதில்லை. காணாமற் போனோர் என்னும் வழக்கை ஏலாது, காணாமல் ஆக்கப்பட்டோர் என உறவினர்கள் வற்புறுத்தியதன் பொருளும் இதுவே. பிள்ளையைத் தேடும் தாய்மார் இலக்கண நுட்பத்தை நமக்கு உணர்த்தினர்.

இவ்வளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முள்ளிக்குளத்தின் அயலிலே மறிச்சுக்கட்டி முதலாய முஸ்லிம் ஊர்கள் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். இதனை எழுதுமிடத்து “முஸ்லிம்கள் சென்றுவிட்டனர்” என்று எழுதும் தமிழ் மாணாக்கன், தன் ஊர் இழப்பை எழுதுமிடத்து மாத்திரம் செய்வினையை நாடுவானாயின், அவன் எழுத்து ஒரு கண்ணை மூடிய எழுத்தாகும். தனக்கு வேண்டிய நேர்மையை அயலானுக்கும் வழங்குதல் நல்ல கட்டுரையின் இலக்கணங்களுள் ஒன்று.

இனிப் பயிற்சி முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, பொருள் திரட்டல்: முதியோரிடம் கேட்க, ஆண்டு, இடம், அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க, ஐயமுள்ளதை விடுக. இரண்டாவது, ஒழுங்கு: படிப்போன் முதலில் அறியவேண்டியது யாதோ அதனை முதலில் வைக்க. மனுவாயின், வேண்டுகோளை இறுதிப் பந்தியிற் புதையாது முதற்பந்தியிலேயே கூறுக. மூன்றாவது, திருத்தம்: எழுதியதை ஓர் இரவு கழிய வைத்து, மறுநாள் உரக்கப் படிக்க. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரிக்க. ஒரு பொருளை இரு அடைமொழி சுமந்தால் ஒன்றை இறக்குக. நான்காவது, பொருளறியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டதைத் தம் சொற்களாற் கூறக் கேட்க. அவர் பிறழக் கூறின் குற்றம் அவர்பாலன்று.

ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு மையாற் சந்திப் பிழைகளை வட்டமிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. “யார் செய்தார்?”, “எப்பொழுது?”, “நீ எவ்வாறு அறிந்தாய்?” என்னும் மூன்று வினாக்களை ஏட்டோரத்தில் எழுதுவோமாயின், மாணாக்கன் எழுத்தோடு சிந்தனையும் திருந்தும். சந்திப் பிழையைப் பின்னரும் திருத்தலாம். பொய்யாய் எழுதப் பழகிய கையைத் திருத்துதல் அரிது.

பழைய மாணாக்கராகிய நாம், மலர்தோறும் நம் கல்லூரியின் புகழை எழுதுகின்றோம், அது தகும். அத்துடன் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரைப் பற்றி, பெயரை மாற்றினாற் பொருந்தாத ஒரு பக்கம் எழுதிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்போமாக. முதலாண்டு மாணாக்கர்க்கு அதனினும் சிறந்த பாடநூல் வேறு வேண்டா.