மகோகனி நடலாம், குழுச் சேமிப்பைப் போடலாமா?



"மகோகனிக் கன்று வாங்குங்க, ஒரு ஏக்கருக்குக் கோடி ரூபாய் நிச்சயம்" என்று யாராவது நம் கூட்டத்துக்கு வந்தால் என்ன பதில் சொல்வோம்? அதுதான் இந்த மாதப் பாடம்.

மகோகனி நம்ம வேப்ப மரத்துக்கு உறவு. மலைவேம்பும் அதே குடும்பம்தான். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து மழைக்காடுகள். பெரிய இலை மகோகனி 1872ல் இந்தியாவுக்கு வந்தது. சென்னை அடையாறில், ஆலமரத்துக்குப் பேர்போன பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் மகோகனி மரங்கள் உண்டு. காய் கட்டை மாதிரி கெட்டியாக, மேல் நோக்கி நிற்கும். வெடித்தால் இறக்கை வைத்த விதைகள் காற்றில் பறக்கும்.

மரம் சிவப்பாக, வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் வளையாது. அதனால் மேசை, நாற்காலிக்கு நல்ல கிராக்கி. சொந்தக் காடுகளில் அளவுக்கு மீறி வெட்டியதால், 2003 முதல் அங்கிருந்து ஏற்றுமதி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று உலக நாடுகள் கட்டுப்பாடு போட்டன.

சரி, நாம் கவனிக்க வேண்டியவை:

1. மரம் விலைக்கு வர பதினைந்து, இருபது வருஷம் ஆகும். நம் கடன் தவணையோ மாதாமாதம் வரும். ஆகவே கடன் வாங்கி நடக்கூடாது.

2. குருத்தைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அது தாக்கினால் நுனி கருகி, மரம் கவையாகப் பிரியும். நேரான கட்டை கிடைக்காது. மகோகனியை மட்டும் நெருக்கி நடாமல், வரப்போரம் மற்ற மரங்களோடு கலந்து நடுவது நல்லது.

3. "சர்க்கரைக்கு மருந்து" என்று விதையைத் தின்னாதீங்க. தின்ற சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது.

4. 1990களில் தேக்கு வளர்க்கிறோம் என்று பல நிறுவனங்கள் பணம் திரட்டின. போட்டவர்கள் பலர் ஏமாந்தார்கள். 1999ல் இப்படிப் பணம் திரட்டுவதற்கு செபி விதிமுறை கொண்டுவந்தது. பதிவு இருக்கிறதா என்று கேளுங்க. காட்டாவிட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

ஆசை இருந்தால் வரப்பில் நாலு கன்று நடுங்க. 2021ல் தமிழக அரசு விளைநிலங்களில் மரம் வளர்க்கும் திட்டத்தை அறிவித்தது. இப்போது கன்று கிடைக்குமா என்று வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்குங்க.

கூட்டத்தில் பேச: நம் சேமிப்பு அவசரத்துக்குக் கையில் இருக்கணுமா, இருபது வருஷம் மண்ணில் இருக்கணுமா? முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்க.